தாது வருஷப் பஞ்சமும் கொடைக்கானல் தொலைநோக்கியும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்து, காபி குடித்துவிட்டு ஆற அமரப் படியுங்கள்.

2024 மே மாதம் 11ஆம் தேதி காலையில் போனைத் திறந்தால், கனடாவில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் ஐந்தாறு படங்கள் அனுப்பியிருந்தார். அவர் வீட்டுக் கூரைக்கு மேலே வானம் முழுவதும் பச்சையும் கத்தரிப்பூ நிறமுமாகத் திரை கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. கீழே ஒரு வரி: “சார், நாம பிளஸ் டூவுல பேப்பர்ல வரைஞ்சோமே சூரியப் புள்ளி, அதோட வேலைதான் இது.” அவர் அங்கே ஒரு மின் நிறுவனத்தில் பொறியாளர். சிறிது நேரத்தில் இன்னொரு செய்தி வந்தது. “எங்க வேலையில 1989 மார்ச் 13 பத்திப் பேசாம எந்தப் பயிற்சி வகுப்பும் முடியாது சார். நம்ம நோட்டு இன்னும் இருக்கா? அந்தத் தேதியில என்ன வரைஞ்சிருக்கோம்னு பாத்துச் சொல்லுங்க.”

நோட்டு இருக்கிறது. பரணில் இருந்த தகரப்பெட்டியில் தேடி எடுத்தேன். அந்தத் தேதியில் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். வகுப்பில் உங்களுக்கு நான் முழுதாகச் சொல்லாத வரலாறு. நம் ஊரில் பஸ் ஏறினால் அரை நாளில் போய்ச் சேரக்கூடிய ஓர் இடத்தைப் பற்றியது.

சிறுவயதில் நான் சோற்றைச் சிந்தினால் எங்கள் அப்பத்தா, “தாது வருஷத்துல பொறந்திருந்தா தெரியும்” என்பார். அவரும் அந்தப் பஞ்சத்தைப் பார்த்தவர் இல்லை. தன் அம்மா சொல்லக் கேட்டவர். ஆனாலும் அந்தச் சொல்லில் ஒரு பயம் இருந்தது. 1876இல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் தக்காணத்தையும் வாட்டிய பஞ்சம் அது. மழை பொய்த்தது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டினியாலும் அதைத் தொடர்ந்து வந்த காலராவாலும் காய்ச்சலாலும் இறந்தனர் என்பது பொதுவான மதிப்பீடு. இன்னும் அதிகம் என்று கணக்கிடுபவர்களும் உண்டு.

அந்த ஆண்டுகளில் தானியமே இல்லாமல் போய்விடவில்லை. ரயில் வந்திருந்தது, துறைமுகம் இருந்தது, ஏற்றுமதியும் நடந்தது. சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்பது அன்றைய வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. மக்கள் செத்துக்கொண்டிருந்த 1877 ஜனவரி முதல் தேதி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் பெரும் தர்பார் நடந்தது. நிவாரணச் செலவைக் குறைப்பதற்காக அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நாள் முழுக்க மண் வெட்டும் ஆண் ஒருவருக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலி நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. இன்று அதைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறோம். வெட்டிய கைகளை நினைப்பதில்லை.

இந்த இடத்தில்தான் சூரியன் கதைக்குள் வருகிறது.

ஜெர்மனியில் தெசாவு என்ற ஊரில் ஹைன்ரிஷ் ஷ்வாபே என்று ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். புதனுக்கும் உள்ளே ஒரு கோள் இருக்கலாம், அது சூரியனைக் கடக்கும்போது கரும்பொட்டாகத் தெரியும் என்று நம்பி, 1826 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் பார்த்துக் குறித்து வந்தார். கோள் கிடைக்கவில்லை. ஆனால் அதோடு குழம்பிவிடக் கூடாதே என்று குறித்து வைத்த சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறி இறங்கி ஏறுவது தெரிந்தது. 1843இல் அதை வெளியிட்டார். அவர் சுமார் பத்து ஆண்டு என்றார். இன்று நாம் சராசரி 11 ஆண்டு என்கிறோம். சில ஆண்டுகளில் பூமியில் காந்த ஊசிகளின் தடுமாற்றமும் இதே தாளத்தில் ஏறி இறங்குகிறது என்று எட்வர்ட் சபைன் காட்டினார்.

1859 செப்டம்பர் 1ஆம் தேதி, இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் பெரிய புள்ளிக் கூட்டம் ஒன்றைத் தாளில் வரைந்துகொண்டிருந்தார். திடீரென்று அதன் மேல் இரண்டு வெள்ளொளிக் கீற்றுகள் தோன்றிச் சில நிமிடங்களில் மறைந்தன. ஏறத்தாழ பதினேழு, பதினெட்டு மணி நேரத்துக்குப் பிறகு பூமியின் காந்தப்புலம் ஆட்டம் கண்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகளில் தானாக மின்னோட்டம் பாய்ந்தது. பம்பாயில் கொலாபா காந்த ஆய்வகத்தில் இருந்த கருவி, புலம் ஏறத்தாழ 1600 நானோடெஸ்லா சரிந்ததைப் பதிவு செய்தது. பூமத்தியரேகையை அடுத்த நாடுகளிலிருந்து அந்தப் புயலைப் பற்றி உலகுக்குக் கிடைத்த அருமையான பதிவு அது. இன்றும் கேரிங்டன் புயலைப் பற்றி எழுதுபவர்கள் கொலாபா கணக்கை எடுக்காமல் எழுத முடியாது. தாளில் எண்களைக் குறித்தவர்கள் இது எதற்கு உதவும் என்று அறிந்திருக்க வழியில்லை.

சூரியப் புள்ளி பூமியைத் தொடுகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் எல்லாவற்றையும் அதோடு முடிச்சுப் போடத் தொடங்கினார்கள். பொருளியல் அறிஞர் ஜெவன்ஸ், வணிக நெருக்கடிக்கும் சூரியப் புள்ளிக்கும் தொடர்பு தேடினார். இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவர் வில்லியம் ஹன்டர், சென்னையின் பழைய மழைக் கணக்கை எடுத்துச் சூரியப் புள்ளிக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்தார். புள்ளி குறைந்த ஆண்டுகளில் மழையும் குறைகிறது, பஞ்சம் வருகிறது என்று 1877இல் எழுதினார். பஞ்சம் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில் சூரியனில் புள்ளிகள் மிகக் குறைவாகவே இருந்தன என்பதும் உண்மை. நார்மன் லாக்கியர் என்ற புகழ்பெற்ற வானியலாளரும் அவரோடு சேர்ந்துகொண்டார்.

ஹன்டரைக் கெட்ட நோக்கம் உடையவர் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த பஞ்சம் எப்போது என்று முன்கூட்டியே தெரிந்தால் ஏற்பாடு செய்யலாமே என்பதுதான் அவர் எண்ணம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பஞ்சத்துக்குக் காரணம் சூரியன் என்றால், தானியத்தைக் கப்பலேற்றியவருக்குப் பொறுப்பில்லை. கூலியைக் குறைத்தவருக்கும் பொறுப்பில்லை. மழை பொய்ப்பதற்கு இயற்கை காரணமாக இருக்கலாம். மழை பொய்த்தால் மக்கள் சாக வேண்டும் என்பது இயற்கையின் சட்டமில்லை. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடத்திலேயே சொல்லித்தர வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

எப்படியோ, பஞ்சத்தை ஆராய்ந்த குழுவின் பரிந்துரைகளும் இந்த நம்பிக்கையும் சேர்ந்து, இந்தியாவில் சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற முடிவுக்குக் கொண்டுவந்தன.

சென்னைக்கு இந்த வேலை புதிதில்லை. நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் கம்பெனியின் வான் ஆய்வகம் இருந்தது. 1861 முதல் அதன் தலைவர் நார்மன் பாக்சன். அவரிடம் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1868 ஆகஸ்ட் 18ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தின்போது பிரெஞ்சுக்காரர் ஜான்சன் குண்டூரிலும், பாக்சன் மசூலிப்பட்டினத்திலும், ரகுநாதாச்சாரி வனபர்த்தியிலும் நின்று பார்த்தார்கள். சூரிய விளிம்பின் நிறமாலையில் அன்று தெரிந்த மஞ்சள் கோடுதான் பிறகு ஹீலியம் என்று பெயர் பெற்றது. பூமியில் அந்த வாயு கிடைத்தது 1895இல். ஒரு தனிமத்தை முதலில் சூரியனில் கண்டு, பிறகு பூமியில் கண்ட கதை இது. வகுப்பில் நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன், உங்களுக்கு நினைவிருக்கும்.

சென்னையின் கடலோரப் புழுக்கமும் தூசியும் சூரியனை நுணுக்கமாகப் பார்க்க ஒத்துவராது. பாக்சன் 1891இல் இறந்தபின் பொறுப்பேற்றவர் மிச்சி ஸ்மித். அதற்கு முன் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர், அதாவது நம் இனம். நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2343 மீட்டர் உயரம். 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899இல் நுங்கம்பாக்கத்தின் வானியல் வேலை கொடைக்கானலுக்கு மாறியது. இன்று வத்தலக்குண்டு வழியாக நாம் பஸ்ஸில் போகும் மலைச்சாலை அப்போது கிடையாது. லென்சும் கண்ணாடியும் இரும்பும் பழைய மலைப்பாதையில்தான் ஏற வேண்டும்.

1907 ஜனவரியில் அங்கே வந்து சேர்ந்தவர் ஜான் எவர்ஷெட். அவர் மனைவி மேரியும் வானியலாளர். சூரிய விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளை ஆராய்ந்தவர். வரும் வழியில் இருவரும் அமெரிக்காவுக்குப் போய், மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஹேலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அடுத்த ஆண்டே ஹேல், சூரியப் புள்ளிகளில் மிக வலிமையான காந்தப்புலம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். புள்ளி என்பது ஒருவகைச் சுழல் என்ற எண்ணம் அப்போது நிலவியது.

அந்தச் சுழலைத் தன் நிறமாலையிலும் பார்க்கலாம் என்றுதான் எவர்ஷெட்டும் எதிர்பார்த்தார். 1909 ஜனவரி தொடக்கத்தில், வானம் துடைத்துவிட்டது போல் இருந்த ஒரு நாள், பெரிய புள்ளி ஒன்றின் நிறமாலையைப் படமெடுத்தார். டாப்ளர் விளைவு நினைவிருக்கிறதா? ரயில் நம்மை நோக்கி வரும்போது விசில் சுருதி ஏறும், விலகும்போது இறங்கும். ஒளிக்கும் அதே கதைதான். நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடுகள் ஊதாப் பக்கம் நகரும். விலகும் வாயுவின் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும். புள்ளியின் கருநிழலைச் சுற்றியிருக்கும் புறநிழலில் கோடுகள் நகர்ந்திருந்தன. ஆனால் சுழலுக்குப் பொருந்தும்படி நகரவில்லை. சூரிய வட்டத்தின் நடுவில் இருந்த புள்ளிகளில் நகர்வே இல்லை. விளிம்பை நோக்கிப் போகப் போக நகர்வு தெரிந்தது. வட்டத்தின் நடுவைப் பார்த்த பக்கம் ஒரு திசையிலும், விளிம்பைப் பார்த்த பக்கம் எதிர்த் திசையிலும் நகர்ந்திருந்தது. அப்படியானால் வாயு சுழலவில்லை. புள்ளியின் நடுவிலிருந்து நாலாபுறமும் கிடைமட்டமாக வெளியே பாய்கிறது, விநாடிக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் வேகத்தில்.

தான் எதிர்பார்த்தது வரவில்லை என்று தட்டைத் தூக்கி எறியாமல், வந்தது என்ன என்று பார்த்தார். அதுதான் இன்று உலகம் முழுவதும் ‘எவர்ஷெட் விளைவு’ என்று பாடப்புத்தகங்களில் இருக்கிறது. நம் பழனி மலையில் கண்டுபிடிக்கப்பட்டது. செய்முறைத் தேர்வில் விடையைப் பார்த்துவிட்டு அதற்கேற்ப அளவுகளை எழுதிய கில்லாடிகள் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு எவர்ஷெட்டைவிடப் பெரிதாகத் தெரிவது அங்கே நடந்த அன்றாட வேலை. 1904 முதல் வெண்ணொளியில் சூரியனின் படங்கள், கால்சியம் தரும் ஊதா ஒளியில் படங்கள், 1912 முதல் ஹைட்ரஜன் தரும் சிவப்பு ஒளியில் படங்கள். எல்லாம் கண்ணாடித் தட்டுகளில். காலையில் கூரையைத் திறப்பது, மேகம் விலகக் காத்திருப்பது, தட்டைப் பொருத்திப் படமெடுப்பது, இருட்டறையில் கழுவுவது, தேதியும் நேரமும் எழுதி அடுக்குவது. மறுநாளும் அதே. இரண்டு உலகப் போர்கள் வந்து போயின, நாடு விடுதலை அடைந்தது, இயக்குநர்கள் மாறினார்கள். 1937இல் ஏ. எல். நாராயண், 1946இல் அமில் குமார் தாஸ், 1960இல் வைணு பாப்பு என்று பொறுப்பு இந்தியர் கைக்கு வந்து தொடர்ந்தது. தட்டுகள் நிற்கவில்லை. அவற்றை எடுத்த உதவியாளர்களில் பெரும்பாலோர் பெயர் உங்களுக்கோ எனக்கோ தெரியாது.

இனி நேர்மையாக ஒரு கேள்வி கேட்போம். மழையை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றுதானே இதெல்லாம் தொடங்கியது? அது நடந்ததா?

நடக்கவில்லை. 1904 முதல் இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணித மேதை. உலகின் பல பகுதிகளின் வானிலைக் கணக்குகளை எடுத்து, எதற்கும் எதற்கும் தொடர்பு என்று வரிசையாகச் சோதித்தார். சூரியப் புள்ளியை வைத்துப் பருவமழையைக் கணிக்கலாம் என்ற நம்பிக்கைக்கு அவர் கணக்கில் வலு கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைத்த பெரிய தடயம் பசிபிக் பெருங்கடலின் காற்றழுத்த ஊசலாட்டம். இன்று எல் நினோ என்று செய்தியில் கேட்கிறோமே, அதோடு பிணைந்தது. 1877இலும் பெரியதோர் எல் நினோ இருந்தது என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். ஆக, பஞ்சத்துக்குக் காரணம் தேடி மலையுச்சியில் தொலைநோக்கி வைத்தோம். மழையைக் கெடுத்த காரணம் கடலில் இருந்தது.

அப்படியென்றால் கொடைக்கானல் வேலை வீணா?

1930களில் சிற்றலை வானொலி திடீர் திடீரென்று பகலில் மௌனமாவது சூரியனில் எழும் சுடர்களால் என்று தெரியவந்தது. 1942 பிப்ரவரியில் பிரிட்டனின் ரேடார்கள் ஒரே நேரத்தில் இரைச்சலால் நிறைந்தன. ஜெர்மானியர் சூழ்ச்சி என்று பயந்தார்கள். ஜேம்ஸ் ஹே என்ற இளம் விஞ்ஞானி, இரைச்சல் வரும் திசை சூரியனோடு சேர்ந்தே நகர்கிறது என்று கண்டார். அப்போது சூரியனின் முகத்தில் பெரிய புள்ளிக் கூட்டம் ஒன்று இருந்தது. செயற்கைக்கோள்கள் வந்தபின் இன்னும் தெளிவாயிற்று. சூரியனிலிருந்து சுடரும் கதிரும் மட்டுமல்லாமல், கோடிக்கணக்கான டன் மின்னூட்டப் பொருளும் காந்தப்புலத்தைச் சுமந்துகொண்டு வெடித்துக் கிளம்புகிறது. அது பூமியை மோதினால் நம் காந்தப்புலம் அதிர்கிறது. இதற்கு ‘விண்வெளி வானிலை’ என்று பெயரே வந்துவிட்டது. மண்ணின் வானிலையைச் சொல்ல வைத்த தொலைநோக்கி, அன்று யாரும் கேள்விப்படாத இன்னொரு வானிலைக்குச் சாட்சியாகிவிட்டது.

நம் தென்மாவட்டங்களுக்கு இதில் தனி இடம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவில் தென்கோடியைத்தான் கடக்கிறது. அந்தக் கோட்டின் மேல், நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, பகலில் ஒரு மின்னோட்டம் ஆறு போலப் பாய்கிறது. 1963 நவம்பர் 21ஆம் தேதி தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்தது. கொடைக்கானலிலும் திருநெல்வேலியிலும் காந்தக் கருவிகள் வைத்ததற்கும் அந்தக் கோடு அருகில் இருப்பதே காரணம்.

இப்போது 1989க்கு வருவோம். அந்த ஆண்டு மார்ச் 6ஆம் தேதி சூரியனின் கிழக்கு விளிம்பில் மிகப்பெரிய புள்ளிக் கூட்டம் ஒன்று தோன்றி, 19ஆம் தேதி வாக்கில் மேற்கு விளிம்பில் மறைந்தது. 10ஆம் தேதி அதில் எழுந்த வெடிப்பின் பொருள் 13ஆம் தேதி பூமியை மோதியது. பிளஸ் டூ பாடம்தான்: காந்தப்புலம் மாறினால் கடத்தியில் மின்னோட்டம் தூண்டப்படும். ஃபாரடே விதி. கனடாவின் கியூபெக் மாகாணத்தின் அடியில் இருப்பது மின்னைக் கடத்தாத பழம்பாறை. தூண்டப்பட்ட மின்னோட்டம் மண்ணில் போக வழியில்லாமல் நீண்ட மின்கம்பிகளில் ஏறியது. ஒன்றரை நிமிடத்தில் மாகாணத்தின் மின் அமைப்பே விழுந்தது. உறையும் குளிரில் அறுபது லட்சம் பேர் சுமார் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள். அங்கே அதிகாலை மணி 2.44, நம் கடிகாரத்தில் பகல் ஒன்றேகால்.

நம் நோட்டுக்கு வருகிறேன். 1988 ஜூலையில் தொடங்கியது. அறிவியல் கண்காட்சிக்கு வாங்கிய சின்னத் தொலைநோக்கியை வராந்தாவில் நிறுத்தி, அதன் வழியே யாரும் கண் வைத்துப் பார்க்காமல், சூரியனின் பிம்பத்தை வெள்ளைத்தாளில் விழவைத்து, புள்ளிகளைப் பென்சிலால் குறிப்பீர்கள். காம்பஸ் வட்டம், தேதி, நேரம், வரைந்தவர் கையெழுத்து. மழை நாளில் ‘மேகம்’ என்று எழுதி அதற்கும் கையெழுத்து. சூரியன் அப்போது உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. மாதத்துக்கு மாதம் புள்ளிகள் கூடுவது பக்கத்தைப் புரட்டினாலே தெரிகிறது.

கடைசிப் படம் 17-2-1989, வெள்ளிக்கிழமை. அதன் பிறகு எதுவும் இல்லை. படமும் இல்லை, ‘மேகம்’ என்ற சொல்லும் இல்லை. வெறும் கோடு போட்ட பக்கங்கள்.

ஏன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது, பாடத்தில் இரண்டு பகுதிகள் மீதி. திங்கள்கிழமை தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போன பையனைக் கூப்பிட்டு, “இதுக்கு எவன் மார்க் போடுவான்? கொண்டுபோய் பீரோவுல வை” என்று கத்தினேன். அவன், “ரெண்டு நிமிஷம்தான் சார், நான் மட்டும் வரைஞ்சிட்டு வந்துடறேன்” என்றான். சாவியை வாங்கிக்கொண்டேன். அந்தப் பையன்தான் இன்று கனடாவிலிருந்து கேட்டவர்.

அந்த மார்ச்சில் தினமும் நம் பள்ளி வராந்தாவிலும் வெயில் அடித்திருக்கிறது. பல ஆண்டுகளில் ஒருமுறை வரும் புள்ளிக் கூட்டம் நம் தலைக்கு மேலே பதின்மூன்று நாட்கள் நடந்துபோனது. தொலைநோக்கி பீரோவில் பூட்டிக் கிடந்தது. நான் கரும்பலகையில் ஃபாரடே விதியைத் திரும்பத் திரும்ப எழுதிப்போட்டு உங்களை மனப்பாடம் செய்ய வைத்துக்கொண்டிருந்தேன்.

நம் நோட்டு இல்லாததால் உலகுக்கு நஷ்டம் இல்லை. கொடைக்கானல் தட்டுகள் இருக்கின்றன. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தத் தட்டுகளை இன்று கணினியில் ஏற்றி ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துகிறார்கள். சூரியனின் ஒரு சுற்று 11 ஆண்டு. ஒரு மனிதன் வாழ்நாளில் ஆறேழு சுற்றுதான் பார்க்கலாம்; செயற்கைக்கோள்கள் பார்த்ததும் அவ்வளவு கூட இல்லை. சூரியனின் குணத்தைத் தெரிந்துகொள்ளப் பழைய பதிவுதான் துணை. 2023 செப்டம்பர் 2ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா எல்-1, இப்போது 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனைப் பார்க்கிறது. அதன் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர். அதிலுள்ள முக்கியக் கருவி ஒன்றைச் செய்தது, கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம். 2024 மே மாதப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் அந்த நிறுவனத்தின் கேமராக்கள் வானில் சிவப்பொளியைப் பதிவு செய்தன. 1792 நுங்கம்பாக்கத்திலிருந்து அறுபடாமல் வரும் ஒரே நூல் அது.

நஷ்டம் எனக்குத்தான். பயன் என்ன என்று கேட்டு நிறுத்தியவன் நான். பயன் என்ன என்று அன்றன்று கேட்டிருந்தால் கொலாபாவின் எண்களும் இல்லை, கொடைக்கானலின் தட்டுகளும் இல்லை. பஞ்சத்தைத் தடுக்க நினைத்துத் தொடங்கி, அது முடியாது என்று தெரிந்த பிறகும் மறுநாள் காலையில் கூரையைத் திறந்தார்களே, அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

கனடா மாணவருக்கு உண்மையை எழுதினேன். “தெரியும் சார். உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு பாத்தேன்” என்று பதில் வந்தது. கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

நேற்று அந்த நோட்டை எடுத்து, 17-2-1989க்கு அடுத்த பக்கத்தில் எழுதினேன்: ‘20-2-1989 முதல் பதிவு இல்லை. காரணம் மேகம் அல்ல. ஆசிரியர் நிறுத்தச் சொன்னார்.’ கீழே கையெழுத்துப் போட்டு இன்றைய தேதியும் இட்டேன். பதிவேடு என்றால் அதுவும் இருக்க வேண்டும் அல்லவா?

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், பலர் பெற்றோர். பிள்ளை தினமும் மழையளவோ, குருவியோ, எதையாவது குறித்துக்கொண்டிருந்தால் இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். சூரியனை மட்டும் நேராகப் பார்க்க விடாதீர்கள். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம் எதுவும் பாதுகாப்பில்லை. பிம்பத்தைத் தாளில் விழவைத்துக் காட்டுங்கள்.

அந்த நோட்டில் கையெழுத்துப் போட்ட பதினான்கு பேரில் யாராவது இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் ஆசிரியர்